மைலுக்குத்தான் காசு: லொறிக்காரர் கேள்வி பதில்

சென்ற இதழில் கனடா லைசன்ஸ் பற்றி நாலு வரி எழுதினேன். அதற்கு இத்தனை கடிதமும் வட்ஸ்அப்பும் வரும் என்று நினைக்கவில்லை. முக்கால்வாசிப் பேர் கேட்டிருப்பது ஒன்றைத்தான்: ஆயிரக்கணக்கில் ட்ரக் வைத்திருக்கும் பெரிய கம்பனியில் சேர்ந்தால் என்ன கிடைக்கும், என்ன கிடைக்காது? புதிதாக வாசிப்பவர்களுக்காக என்னைப் பற்றி ஒரு வரி: சம்மாந்துறை ஆலைகளிலிருந்து புறக்கோட்டைக்கு அரிசி லொறி ஓடினவன், மறுகா பதினொரு வருஷம் ஒன்ராறியோவில் இருந்துகொண்டு அமெரிக்கா முழுக்க 53 அடி ட்ரெயிலர் இழுத்தவன், இப்போது கல்லடியில் முழங்கால் வலியோடு உட்கார்ந்திருக்கிறவன். எந்தக் கம்பனி என்று கேட்டவர்களுக்கு: சொல்ல மாட்டேன். நல்லதும் கெட்டதும் சேர்த்து எழுதப் போகிறேன், பெயர் எதற்கு?

ஆறு வருஷமாக ஹெவி லைசன்ஸில் லொறி ஓடுகிறேன். கொழும்பில் ஒரு ஏஜென்சி, கனடாவில் பெரிய கம்பனி, மாதம் 7,000 டொலர், போய் இறங்கினதும் ட்ரக் கையில் என்று சொல்லி 18 இலட்சம் முற்பணம் கேட்கிறது. மனைவியின் நகை இருக்கிறது. கட்டலாமா? (களுவாஞ்சிக்குடி)

கட்ட வேண்டாம், தம்பி. நகை நகையாகவே இருக்கட்டும்.

"போய் இறங்கினதும் ட்ரக்" என்ற ஒரு சொல்லே போதும், அவர்களுக்கு இந்தத் தொழில் தெரியாது, அல்லது உங்களுக்குத் தெரியாது என்று நினைக்கிறார்கள். நம் லைசன்ஸை வைத்துக்கொண்டு அங்கே ட்ரெயிலர் இழுக்க முடியாது. ஒன்ராறியோவில் 2017 ஜூலையிலிருந்து, பெரிய ட்ரக் லைசன்ஸுக்குப் போகிறவர் குறைந்தது 103.5 மணித்தியாலம் பயிற்சி எடுத்தே ஆக வேண்டும். 2018 ஏப்ரலில் சஸ்கட்சுவானில் ஹம்போல்ட் என்ற ஊரின் ஹொக்கி விளையாட்டுப் பிள்ளைகள் போன பஸ்ஸும் ஒரு ட்ரக்கும் மோதி 16 பேர் செத்தார்கள். ட்ரக் ஓட்டியவர் அந்த வேலைக்கு வந்து சில வாரங்கள்தான். அதற்குப் பிறகு வேறு பல மாகாணங்களும் பயிற்சியைக் கட்டாயமாக்கின. லைசன்ஸ் எடுத்த பிறகும் பெரிய கம்பனி தன் பயிற்சியாளரோடு சில வாரம் ஏற்றி அனுப்பித்தான் தனியாக விடும்.

அடுத்தது, கனடாவில் வெளிநாட்டு ஆளை எடுக்க அனுமதி கேட்கிற முதலாளி 1,000 டொலர் கட்டணம் கட்ட வேண்டும், அதைத் தொழிலாளியிடம் அறவிடக் கூடாது என்பது சட்டம். அந்தப் பெயரில் யாராவது உங்களிடம் காசு கேட்டால், கேட்கிறவரே தப்பான ஆள். ஏஜென்சிக்கு லைசன்ஸ் இருக்கிறதா, இந்த வேலைக்கு அனுமதி எடுத்திருக்கிறதா என்று வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் 1989 இலக்கத்துக்கு அடித்துக் கேளுங்கள், காசு செலவில்லை. அமெரிக்கா என்று சொல்லிக் கேட்டால் இன்னும் மோசம். ட்ரக் ட்ரைவர்களுக்கு வேலை விசா கொடுப்பதை நிறுத்திவைப்பதாக 2025 ஓகஸ்டில் அந்த நாடே அறிவித்தது.

மகன் கனடாவில் லைசன்ஸ் எடுத்துப் பெரிய கம்பனியில் சேர்ந்து மூன்று மாதம். பதினாலு நாள் ரோட்டில் கிடக்கிறான், வருகிற காசு கடையில் வேலை செய்கிற மருமகனின் காசுக்குக் கிட்டத்தான் நிற்கிறது. கம்பனி ஏமாற்றுகிறதா? (அக்கரைப்பற்று)

நானா, ஏமாற்றவில்லை. சொன்னபடிதான் கொடுக்கிறார்கள், சொன்னது மகனுக்கு விளங்கவில்லை, அவ்வளவுதான். நானும் அப்படித்தான் முதல் வருஷம் முழுக்கக் கத்திக்கொண்டு திரிந்தேன்.

இங்கே நாம் ட்ரிப்புக்குக் காசு வாங்குகிறோம். அங்கே மைலுக்கு இத்தனை சதம். ட்ரக் உருண்டால்தான் காசு, நின்றால் இல்லை. உருண்ட மைலும் ட்ரக்கின் மீற்றர் காட்டுகிற மைல் இல்லை, கம்பனியின் கணினி போட்டுத் தருகிற மைல். பல தடவை எனக்கு மீற்றர் 1,050 காட்டும், சீட்டில் 980 என்று இருக்கும். பெற்றோல் செட்டுக்குக் கிறுகினது, ட்ரெயிலரை நிறுத்த இடம் தேடி அலைந்தது, பாதை மூடிச் சுற்றிப் போனது எல்லாம் நம் கணக்கு.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். மைலுக்கு 50 சதம் என்று வையுங்கள். நல்ல வாரம் 2,500 மைல் ஓடினால் 1,250 டொலர். அந்த வாரம் ஓட்டினது, நின்றது, ஏற்றினது, இறக்கினது எல்லாம் சேர்த்து 70 மணித்தியாலம் வேலை என்றால் மணிக்கு 17 டொலர் 86 சதம். ஒன்ராறியோவில் 2025 ஒக்டோபரிலிருந்து குறைந்தபட்சக் கூலியே மணிக்கு 17 டொலர் 60 சதம். மருமகன் கடையில் நின்று அதை எடுத்துக்கொண்டு இரவு வீட்டில் படுக்கிறார். மகன் ட்ரக்கில் படுக்கிறார். உங்களுக்கு வந்த சந்தேகம் சரியான சந்தேகம்தான்.

நிற்பதுதான் இந்தத் தொழிலைத் தின்கிற கறையான். கலிபோர்னியாவில் சலினாஸ் என்ற ஊர், பார்க்கிற இடமெல்லாம் சலாட் கீரைத் தோட்டம். காலை 7 மணிக்கு வரச் சொன்னார்கள், நான் 6 மணிக்கே கடமையைத் தொடங்கிவிட்டேன். குளிர்களஞ்சியத்தின் கதவு இலக்கம் கிடைத்தது மதியம் 1 மணிக்கு, ஏற்றி முடித்துச் சீட்டில் கையெழுத்துப் போட்டபோது மாலை 4 மணி. அமெரிக்கச் சட்டப்படி ஒரு நாளில் 11 மணித்தியாலம் ஓட்டலாம், ஆனால் கடமை தொடங்கி 14 மணித்தியாலத்துக்குள் ஓட்டி முடித்துவிட வேண்டும், பிறகு 10 மணித்தியாலம் ஓய்வு. நான் காலையிலிருந்து ஸ்டியரிங்கை ஒழுங்காகத் தொடவே இல்லை, இருந்தும் இரவு 8 மணிக்கு என் நாள் முடிகிறது. 4 மணித்தியாலம்தான் மிச்சம். டாஷ்போர்டில் இருக்கிற மின்னணுப் பதிவுப் பெட்டிக்குக் கீரை ஏற்றப் பிந்தினது தெரியாது. அது நிமிஷத்தைக் குறைத்துக்கொண்டே போகும். காத்திருப்புக்குக் காசு உண்டு, முதல் 2 மணித்தியாலம் இலவசம், அதற்கு மேல் எனக்கு மணிக்கு 15 டொலர் கிடைத்தது: 7 மணித்தியாலத்துக்கு 105 டொலர். அந்த நேரம் உருண்டிருந்தால் அதைப்போல இரண்டு மடங்கு. அதுவும் உள்ளே போன நேரத்தையும் வெளியே வந்த நேரத்தையும் சீட்டில் எழுதி வாங்கினால்தான். எழுதாமல் வந்தால் ஒரு சதமும் இல்லை.

மகனிடம் மூன்று விஷயம் கேட்கச் சொல்லுங்கள். வெறும் ட்ரெயிலரோடு ஓடுகிற மைலுக்கும் அதே காசா? காத்திருப்புக்கு எத்தனை மணியிலிருந்து, எவ்வளவு? ட்ரெயிலரைக் கழற்றிவிட்டு ஏற்கெனவே ஏற்றி வைத்த இன்னொன்றைக் கொளுவிக்கொண்டு போகிற சுமை எத்தனை வீதம்? இந்த மூன்றாவதுதான் பெரிய கம்பனியின் உண்மையான லாபம். பெரிய கம்பனியிடம் ட்ரக்கை விட ட்ரெயிலர் பல மடங்கு கிடக்கும், அதனால் கொளுவிக் கழற்றுகிற வேலை அதிகம், நிற்கிற நேரம் குறைவு. இன்னொன்று, மாகாணம் தாண்டி ஓடுகிற கம்பனிகளுக்குக் கனடாவின் மத்திய தொழிற் சட்டம் பொருந்தும், அதில் நெடுந்தூர ட்ரைவருக்கு வாரம் 60 மணித்தியாலத்துக்கு மேல் ஓவர்டைம் உண்டு. மைல் சம்பளக்காரருக்கும் உண்டு. கேட்காமல் இருந்துவிடுகிறார்கள். அமெரிக்காவில் அந்தப் பேச்சே இல்லை, 1938 ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே லொறிக்காரர்களை ஓவர்டைமிலிருந்து ஒதுக்கிவிட்டார்கள்.

ட்ரக் ஓடும் என் கணவர் எப்போதுதான் வீட்டுக்கு வருவார்? ஒபிஸில் "வாரத்துக்கு ஒரு நாள்" என்று சொன்னார்களாம், ஆனால் மூன்று வாரமாக ஆள் இல்லை. நான் கனடா போன பிறகு அவரோடு ட்ரக்கில் போகலாமா? (வாழைச்சேனை)

தங்கச்சி, "வாரத்துக்கு ஒரு நாள்" என்பது வாரம் முடிய ஒரு நாள் இல்லை. வெளியே கிடந்த ஒவ்வொரு வாரத்துக்கும் ஒரு நாள் சேர்கிறது என்று அர்த்தம். மூன்று வாரம் ஓடினால் மூன்று நாள் வீடு. ஆட்களை எடுக்கிறவர் இதை விளக்கமாகச் சொல்ல மாட்டார், அவருடைய வேலை கதிரையை நிரப்புவது. அதிலும் வீட்டில் வந்து நிற்கிற நேரத்தைத்தான் சட்டம் கேட்கிற ஓய்வாகவும் கணக்கெடுப்பார்கள்: எட்டு நாளில் 70 மணித்தியாலம் முடிந்தவர், தொடர்ந்து 34 மணித்தியாலம் ஓய்வெடுத்தால் கணக்கு மறுபடி பூச்சியத்திலிருந்து தொடங்கும். வெள்ளி இரவு வருவார், ஞாயிறு காலை வெளிக்கிடுவார். அதில் பாதி நித்திரை.

நாள் நெருங்கும்போது சொன்னால் நடக்காது. பெருநாள், கோயில் திருவிழா, பிள்ளையின் பிறந்தநாள் எல்லாவற்றுக்கும் இரண்டு மூன்று வாரம் முன்பே எழுத்தில் கேட்டுவைக்கச் சொல்லுங்கள், வாயால் சொன்னதைக் கணக்கில் எடுக்க மாட்டார்கள். எனக்குச் சுமை போட்டுத் தந்த டிஸ்பாச்சர் நாற்பது பேருக்கு மேல் பார்த்தாள். நல்ல பிள்ளை. ஆனால் அவளுக்கு நான் ஆள் இல்லை, ஒரு ட்ரக் இலக்கம். பதினொரு வருஷத்தில் ஒரு தடவைகூட நேரில் கண்டதில்லை.

கூடப் போவதைப் பற்றி: நிறையப் பெரிய கம்பனிகள் சில மாதம் கழித்து ஒரு ஆளை ஏற்றிக்கொள்ள விடும், இன்சூரன்ஸ் கடிதம் எடுக்க வேண்டும். கடிதம் இல்லாமல் ஏறினால் அவருடைய வேலை போகும். இரண்டு கிழமை போய்ப் பாருங்கள், அவர் ஃபோனில் ஏன் எரிந்து விழுகிறார் என்று விளங்கும்.

ரொறன்ரோவில் நம்ம ஆள் ஒருவர் பத்து ட்ரக் வைத்திருக்கிறார், மைலுக்குக் கூடத் தருகிறேன் என்கிறார். பெரிய கம்பனியா, நம்ம ஆளா? (கல்முனை)

நம்ம ஆளிடம் போனால் சோறு கிடைக்கும், அவசரத்துக்கு முற்பணம் கிடைக்கும், அம்மா செத்தால் டிக்கெட் போட்டு அனுப்புவார். சம்பளம் மட்டும் சில மாதங்களில் பிந்தி வரும், இன்சூரன்ஸ் இருக்கிறதா என்று கேட்கக் கூச்சமாக இருக்கும். பெரிய கம்பனி இதற்கு நேர் எதிர்: பேப்பரில் உள்ளதை ஒரு நாள் பிந்தாமல் செய்யும், பேப்பரில் இல்லாததை நீ அழுதாலும் செய்யாது. வெள்ளிக்கிழமை என்றால் வெள்ளிக்கிழமை காசு. இரவு 2 மணிக்கு டயர் வெடித்தால் ஒரு இலக்கம், எடுத்தால் மெக்கானிக் வருவார், உன் சட்டைப்பையில் கைவைக்க வேண்டியதில்லை. டீசலும் பாலக் காசும் அவர்கள் கணக்கு.

நான் புதியவர்களுக்குச் சொல்வது, முதல் இரண்டு வருஷம் பெரிய கம்பனி, அனுபவமும் சுத்தமான ரெக்கோர்டும் வந்த பிறகு வேறு யோசி. ஒன்றை மட்டும் பாருங்கள்: "நீ உன் பெயரில் ஒரு கம்பனி பதிந்துகொள், நான் உன் கம்பனிக்குக் காசு போடுகிறேன்" என்று சொன்னால் ஓடிவிடுங்கள். கனடாவில் இதற்கு "ட்ரைவர் இன்க்" என்று பட்டப்பெயரே இருக்கிறது. கையில் கூட வருவது போல இருக்கும், விபத்துக் காப்புறுதி, வேலையில்லாக் காலக் கொடுப்பனவு, ஓவர்டைம், விடுமுறைக் காசு எல்லாம் போயிருக்கும், வரிக்காரன் பிறகு உங்களைத்தான் தேடி வருவான்.

பெரியது என்பதால் நிலைத்து நிற்கும் என்றும் இல்லை. அமெரிக்காவில் யெலோ என்ற கம்பனி, மிகப் பழையது, 2023 ஓகஸ்டில் வங்குரோத்து மனுப் போட்டு மூடியது. ஏறக்குறைய 30,000 பேருக்கு வேலை போனது. ஆட்கள் நிற்காத தொழில் இது. 2019 அளவில் அங்கே பெரிய நெடுந்தூரக் கம்பனிகளில் ட்ரைவர் மாறுகிற வீதம் வருஷத்துக்கு 90 சதவீதத்தை ஒட்டி இருந்தது. நூறு கதிரைக்கு வருஷத்தில் தொண்ணூறு தடவை புது ஆள் ஏறுகிறான் என்றால், எப்போதும் ஆள் எடுத்துக்கொண்டே இருக்கிறார்கள் என்பதற்குக் காரணம் வேலை கூடினது மட்டும் இல்லை.

மழை, பனி, காற்று என்று ஓட முடியாது என்று சொன்னால் வேலையை விட்டு நிறுத்துவார்களா? (ஏறாவூர்)

புணானை, வெலிக்கந்தைப் பக்கம் இரவில் யானை நின்றால் லொறியை நிறுத்தி லைட்டை அணைத்துவிட்டு இருந்திருக்கிறோம், முதலாளி கொழும்பிலிருந்து ஃபோனில் ஏசுவார், யானை கேட்குமா? அதே கதைதான். வயோமிங்கில் லாரமிக்கும் ராலின்ஸுக்கும் இடையில் 80 ஆம் இலக்கப் பெருந்தெருவில் அடிக்கிற காற்று, வெறும் ட்ரெயிலரைத் தீப்பெட்டி மாதிரிச் சரித்துவிடும். ஒரு ஜனவரி மாதம் எனக்கு முன்னால் போனது சரிந்ததைக் கண்ணால் கண்டேன், அடுத்த வெளியேறும் பாதையில் இறங்கி நிறுத்திவிட்டு டிஸ்பாச்சருக்கு "காற்று, நிற்கிறேன்" என்று எழுதினேன். "சுமை பிந்தும்" என்று பதில். "தெரியும்" என்று எழுதிவிட்டுப் படுத்தேன். ஒன்றும் நடக்கவில்லை.

நேரச் சட்டத்தை மீறி ஓடு என்று கம்பனி ட்ரைவரை வற்புறுத்துவது 2016 ஜனவரியிலிருந்து அமெரிக்காவில் தனிக் குற்றம். அதனால் பெரிய கம்பனியில் யாரும் "மீறு" என்று எழுத மாட்டார்கள். "உன்னால் முடிந்ததைப் பார்" என்று எழுதுவார்கள். எப்போதும் எழுத்தில் கதையுங்கள், ஃபோனில் வேண்டாம். ஆனால் சுமை பிடிக்கவில்லை, அந்த ஊர் பிடிக்கவில்லை என்று மறுப்பது வேறு. அடுத்த நாள் நல்ல சுமை உங்களுக்கு வராது, ஏன் என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

அமெரிக்காவில் இருக்கும் அண்ணனுக்குக் கம்பனியே ட்ரக்கைத் தவணைக்குக் கொடுத்து "நீயே முதலாளி" என்கிறது. எடுக்கட்டுமா? (செங்கலடி)

முதலாளிக்குச் சுமையை யார் கொடுக்கிறார்? கம்பனி. தவணையை யார் வெட்டுகிறார்? கம்பனி. டீசல், இன்சூரன்ஸ், பழுது எல்லாம் யார் தலையில்? அண்ணன் தலையில். சுமை குறைந்த வாரமும் தவணை குறையாது, நடுவில் விட்டால் ட்ரக் திரும்ப அவர்களிடம், கட்டினது கட்டினதுதான். அமெரிக்கப் போக்குவரத்துத் திணைக்களம் இதற்கென்று அமைத்த குழு, இந்த வகை ஒப்பந்தங்களையே தடை செய்யுங்கள் என்று 2025 ஜனவரியில் அறிக்கை கொடுத்தது. அண்ணனுக்குச் சொந்த ட்ரக் ஆசை என்றால் வங்கிக் கடனில், தான் ஓடுகிற கம்பனிக்குச் சம்பந்தமில்லாத இடத்தில் வாங்கட்டும்.

வெளிநாடு வேண்டாம். இங்கேயே கொன்டெய்னர் ஓடும் பெரிய கம்பனி ஒன்றில் கூப்பிடுகிறார்கள். எதைப் பார்க்க வேண்டும்? (திருக்கோவில்)

சம்பளச் சீட்டைப் பாருங்கள். அடிப்படைச் சம்பளம் சின்னதாகவும் ட்ரிப் காசு பெரிதாகவும் இருக்கும், கையில் வரும்போது சந்தோஷம்தான். ஆனால் சேமலாப நிதிக்கு உங்கள் பங்கு 8 வீதம், கம்பனியின் பங்கு 12 வீதம், நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்குக் கம்பனி 3 வீதம், இதெல்லாம் எந்தத் தொகையில் போடுகிறார்கள் என்று கேளுங்கள். 2026 ஜனவரியிலிருந்து குறைந்தபட்ச மாதச் சம்பளம் 30,000 ரூபா. பதினைந்து பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிற இடத்தில் ஐந்து வருஷம் முடித்தால், ஒவ்வொரு வருஷத்துக்கும் அரை மாதச் சம்பளம் பணிக்கொடையாக வரும். நான் அரிசி லொறி ஓடின காலம் முழுக்க எனக்கு இதில் ஒன்றும் இல்லை, கேட்கவும் தெரியாது. கிளீனர் பெடியனுக்கும் போடுகிறார்களா என்று சேர்த்துக் கேளுங்கள்.

எனக்கு வயது 44, பிரஷர் இருக்கிறது. மெடிக்கலில் விழுந்துவிடுவேனா? (பொத்துவில்)

அமெரிக்க மெடிக்கலில் 140க்கு 90 என்பதற்குக் கீழே இருந்தால் இரண்டு வருஷத்துக்குக் கார்ட் தருவார்கள். அதற்கு மேல் 159க்கு 99 வரை என்றால் ஒரு வருஷத்துக்கு. மருந்து குடித்துக் கட்டுப்பாட்டில் வைத்திருப்பது குற்றமில்லை. அதை மறைப்பதுதான் குற்றம்.

ட்ரக்கில் சோறு சமைக்கலாமா? (மாமாங்கம்)

இவ்வளவு பேர் எழுதியதில் இதுதான் உருப்படியான கேள்வி. சமைக்கலாம், ஆனால் மின்சாரத்துக்கு இன்வெர்ட்டர் வேண்டும், அதைக் கம்பனியைக் கேட்காமல் நீங்களே பொருத்தினால் ஏசுவார்கள். சில கம்பனிகள் ட்ரக்கோடு தருகின்றன, வேலைக்குச் சேர முன்பே கேளுங்கள், சம்பளத்துக்கு அடுத்தபடி கேட்க வேண்டியது இதுதான். சின்ன ரைஸ் குக்கர் ஒன்று, பருப்பு, டின் மீன், மாசிச் சம்பல் ஒரு போத்தல். எல்லையில் பச்சை இறைச்சியும் பழமும் பிடுங்குவார்கள், அரிசிக்கு என்னிடம் யாரும் ஒன்றும் சொன்னதில்லை. கருவாடு மட்டும் பொரிக்க வேண்டாம். ஒஹாயோவில் மழை பெய்த ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆசை தாங்காமல் நெத்தலிக் கருவாடு பொரித்தேன், நாலு மாதம் கழித்து ட்ரக்கை மாற்றித் தரும்போது யார்டில் இருந்தவன் கதவைத் திறந்துவிட்டு இரண்டு அடி பின்னால் போனான். துப்புரவுக் காசு 150 டொலர் சம்பளத்தில் கழித்தார்கள். அந்தச் சீட்டு இன்னும் அலுமாரியில் இருக்கிறது.